சகோதர நகரமும் சர்வதேசக் கழுதையும்

மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள ஒரு சபை, ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தன்னை நகரம் என்று ஏகமனதாகத் தீர்மானித்துக்கொண்டது. வேறு வழி இருக்கவில்லை. நோர்ட்வால் என்றொரு குளிர்தேசத்து நகரம், காலநிலை மாற்றத்தைத் தாங்கும் பசுமை நகரங்களின் கூட்டுறவுக்காக, வெயில் நாட்டில் ஒரு சகோதர நகரம் தேடிக்கொண்டிருந்தது. கிராமங்கள் சகோதரராக முடியாது என்று அவர்களுடைய விதிமுறையில் எழுதியிருந்தது.

அந்தச் சபையின் சுற்றாடல் உத்தியோகத்தர் கீர்த்திகா. ஆறு வருடமாக அவளுக்கு ஒரே ஆசைதான். மாதா கோயிலடி ஒழுங்கையின் தூர்ந்துபோன வாய்க்காலைக் கடல்வரை வெட்டித் திறக்க வேண்டும். மாரி தொடங்கினால் அங்கே இருபத்திரண்டு வீட்டுக்குள்ளும் வெள்ளம் நிற்கும். கருவாடு போடும் பிரான்சிஸ்கா வருடந்தோறும் நனைந்த சீலையோடு கந்தோருக்கு வந்து, கீர்த்திகாவின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவாள். சண்டை பிடிக்க மாட்டாள். பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கீர்த்திகாவுக்கு அதுதான் தாங்க ஏலாது.

ஆகவே ஒப்பந்தம் வந்ததும் முதல் வேலையாக வாய்க்காலைத்தான் அவள் நோர்ட்வாலுக்கு எழுதி அனுப்பினாள். பதில் மரியாதையாக வந்தது. வாய்க்கால் சாம்பல்நிறக் கட்டுமான வகையைச் சேர்ந்தது, ஒத்துழைப்போ பச்சைக்கு மட்டுமே.

“பச்சைப் பெயின்ற் அடிச்சுக் குடுப்பமே?” என்றார் செயலாளர் தில்லைநாதன். அவர் பகிடி விடவில்லை.

கடைசியில் பூங்கா ஒன்று போட்டார்கள். புல் விதை நோர்ட்வாலிலிருந்து வந்தது. முந்நூறு மரக்கன்றுகளும் நட்டார்கள். தீவில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள் சனிக்கிழமை வந்து பார்த்தன. திங்கட்கிழமை கன்று ஒன்றும் இல்லை. புல் மட்டும் பாதி உயரத்தில் நின்றது.

அறிக்கைக்குப் படம் வேண்டும்.

“கழுதை விழாமல் எடுங்கோ பிள்ளை,” என்றார் செயலாளர்.

“கழுதை இல்லாத பக்கம் எண்டு ஒண்டு இல்லை சேர்.”

இருந்தபடியே எடுத்து அனுப்பினாள். இரண்டாம் நாள் நோர்ட்வாலிலிருந்து காணொளி அழைப்பு. அந்த நகரத்துப் பூங்காக்களுக்குப் பொறுப்பான அம்மையாருக்குக் கண் கலங்கியிருந்தது.

“எரிபொருள் இல்லை, சத்தம் இல்லை, பசளையும் அதுவே போடுகிறது. இந்தப் புல்வெட்டும் முறையை எத்தனை வருடம் ஆராய்ந்தீர்கள்?” மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

கீர்த்திகா செயலாளரைப் பார்த்தாள். செயலாளர் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

“பரம்பரை பரம்பரையாக,” என்றார்.

அன்றோடு கழுதைகள் கழுதைகளாக இருப்பது முடிந்தது. கந்தோர்க் கோவைகளில் அவை “உயிர்சார் பசுமைப் பராமரிப்பு அலகுகள்” ஆயின. ஒவ்வொன்றின் கழுத்துக்கும் இலக்கம் போட்ட பச்சைப் பட்டி வந்தது. கழுதை நிபுணர் என்ற வகையில் தில்லைநாதன் பன்னிரண்டு நாள் நோர்ட்வால் போய் விரிவுரை நிகழ்த்தினார். திரும்பி வந்தவர் அங்கே போர்த்திய தடித்த குளிர்க்கோட்டைக் கழற்றவில்லை. அடுத்த மாதம் சபை உறுப்பினர்கள் நாலு பேர் கொழும்பில் அதே மாதிரிக் கோட்டுத் தைப்பித்துப் போட்டுக்கொண்டு, மன்னார் வெயிலில் வேர்த்து ஒழுக, காலநிலை பற்றிக் கூட்டம் வைத்தார்கள்.

பிறகு மாரி தொடங்கியது. பிரான்சிஸ்கா வந்து உட்கார்ந்தாள். சீலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“முழங்காலளவு நிக்குது தங்கச்சி. மூண்டு சாக்குக் கருவாடு ஊறிப்போச்சு. மனுசன் கட்டிலில ஏறி இருக்கிறார்.”

கீர்த்திகா யோசித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். நோர்ட்வால் அனுப்பிய ஒத்துழைப்புக் கைநூலை எடுத்து, பதினாலாம் பிரிவை விரித்து, பிரான்சிஸ்காவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அக்கா, ஒழுங்கைக்குள்ள மனுசர் மட்டும் இருந்தால் எங்களால ஒண்டும் செய்யேலாது.”

“வேற ஆர் இருக்கோணும்?”

“வாசிச்சுப் பாருங்கோ.”

பிரான்சிஸ்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். பட்டி பூண்ட அலகு ஒன்று தங்குமிடத்தில் குளம்பு மூழ்கத் தண்ணீர் நின்றால், இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் வடித்து நோர்ட்வாலுக்கு அறிவிக்க வேண்டும். அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழும்பிப் போனாள். போகிற வழியில் ஒரு றாத்தல் பாண் வாங்கினாள்.

அன்று பின்னேரம் நாற்பத்தேழாம் இலக்கக் கழுதை அவளுடைய வாசலில் பாண் தின்றுகொண்டு நின்றது. கீர்த்திகா படம் எடுத்து விதிமுறைப்படி அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் செயலாளர் கோட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒழுங்கைக்குள் இறங்கினார். கட்டிலில் இருந்த மனுசன் “வாங்கோ” என்றார். செயலாளர் அவரைக் கவனிக்கவில்லை. கழுதையின் காலைத்தான் குனிந்து பார்த்தார்.

“எத்தினை நாளா இது தண்ணிக்குள்ள நிக்குது?”

“நேற்றையிலயிருந்து ஐயா,” என்றாள் பிரான்சிஸ்கா.

“ஒரு இரவு முழுக்கவோ? உங்களுக்கு நெஞ்சில ஈரம் இல்லையோ?”

எட்டு மணிக்கு ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் வாய்க்கால் கடலைத் தொட்டது. ஆறு வருடத்துத் தண்ணீர் சளசளவென்று ஓடுவதைக் கீர்த்திகா மதகில் நின்று பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிரான்சிஸ்கா கழுதையின் நெற்றியைத் தடவி, “மகராசன்” என்றாள்.

செய்தி ஊர் முழுக்கப் பரவியது. தெருவிளக்கு எரியாதவர்கள், றோட்டுப் போடாதவர்கள், தண்ணீர்க் குழாய் வராதவர்கள் என்று எல்லாரும் ஆளுக்கொரு கயிற்றோடு கந்தோர் வாசலில் நின்றார்கள். நேற்றுவரை கழுதைக்குக் கல் எறிந்தவர்கள் இன்று கரட் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட அதிபரும் வங்கி முகாமையாளரும் ஒரே கழுதைக்கு இழுபறிப்பட்டார்கள். ஒழுங்கைக்குக் கழுதை ஒதுக்கீடு என்ற படிவத்தைச் சபை மூன்று மொழியிலும் அடித்தது.

படிவத்தின் ஏழாம் கேள்வி: “விண்ணப்பதாரருக்கும் அலகுக்கும் உள்ள உறவுமுறை.”

சனம் தயங்கவே இல்லை. சிலர் “சகோதரம்” என்று எழுதினார்கள். சிலர் “தாய்வழி” என்று எழுதினார்கள். அதிபர் “பழைய மாணவர்” என்று எழுதி முத்திரையும் குத்தினார்.

நாலரை மணிக்குக் கந்தோர் வெறிச்சோடியது. கீர்த்திகாவின் வீட்டுப் பக்கத்திலும் மூன்று வருடமாக றோட்டு இல்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு, தனக்கென்று ஒரு படிவம் எடுத்தாள். ஏழாம் கேள்வியில் பேனை சற்று நின்றது. பிறகு நேர்மையாக எழுதினாள்:

“சக உத்தியோகத்தர்.”