மூன்று மடக்குக்கத்திகள் குறித்து மாடிக்கு எழுதியது

கருவடிக்குப்பம்
14.6.2006, புதன்கிழமை

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

கீழ்வீட்டுப் பூர்ணிமா வணக்கத்துடன் எழுதுவது. பதினேழு படி ஏறி வந்து நேரில் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். இருபத்தெட்டு வருஷம் பேருந்தில் நடத்துநராக இருந்து, "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே நகர்த்திய குரல் உங்களுடையது. அதன் முன்னால் எனக்கு வாயைத் திறந்தால் "சரிங்க பெரிப்பா" என்பது மட்டும்தான் வருகிறது. நேற்றும் அதுதான் வந்தது. அது என் பதில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். தாங்களும் சுகம் என்பது, காலையில் பல் தேய்க்கும்போது தாங்கள் இருமிய இருமலிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று நீங்கள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "ஞாயித்துக்கெழம உப்பளத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள அந்த மூணு கத்தியையும் கொண்டாந்து என் கையில குடுத்துடணும். பையில கத்தி வச்சிருக்கிற பொண்ண எந்த வீட்ல எடுப்பாங்க? நீ இன்னா ரவுடியா?" நான் ரவுடி இல்லை, பெரியப்பா. பி.காம். நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்று நீங்களே தெருமுழுக்க லட்டு கொடுத்தீர்கள். ஆனால் கத்திகளைத் தர மாட்டேன்.

நீங்கள் மூன்று கத்தி என்று சொல்லும்போது, மூன்று வீச்சரிவாளைப் பாவாடையில் சுற்றி வைத்திருப்பதுபோல் கேட்கிறது. மூன்றும் மடக்குக்கத்திகள். மூன்றையும் சேர்த்து வைத்தாலும் அம்மாவின் மீன் அரியும் கத்தி நீளம் வராது. முதலாவது எருமைக்கொம்புப் பிடி போட்டது, ஞாயிறு சந்தையில் பழைய பூட்டுக் குவியலுக்குள் கிடைத்தது. அலுவலகத்தில் திங்களும் செவ்வாயும் பார்சல் வரும் நாள். சணல் கயிற்றை அறுக்க என்ன தருவீர்கள் என்று சேர்ந்த முதல் வாரம் கேட்டதற்கு மேனேஜர், "பல்லு இருக்குதில்ல?" என்றார், அதனால் வாங்கினேன். இரண்டாவது பித்தளைப் பேனாக்கத்தி. அலகு என் சுண்டுவிரல் அளவு. பென்சில் சீவலாம், தையலில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அறுக்கலாம், வேறு யாரையும் எதுவும் செய்ய முடியாது. பார்சல் வராத வெள்ளிக்கிழமை என் பையில் இருப்பது அதுதான். மூன்றாவது பிரெஞ்சுக் கத்தி, மரப்பிடி, கழுத்தில் ஒரு வளையம், வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. எதிர்வீட்டு ரோஷன் பீவி கொடுத்தது. அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தபோது வைத்திருந்ததாம். "கத்திய சும்மா குடுத்தா உறவு அறுந்துடும்னு பிரான்ஸ்ல சொல்வாங்க, ஒத்த ரூவா குடும்மா" என்று அவர் கையை நீட்டினார். அம்மாவோ, கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும், தரையில் வைக்கச் சொல் என்றாள். கடைசியில் ரோஷன் பீவி கத்தியைத் தரையில் வைக்க, நான் ரூபாயைத் தரையில் வைக்க, இருவரும் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தலை முட்டிக்கொண்டது. இரண்டு தேசத்து வழக்கத்தையும் மீறாமல் வந்த கத்தி அது.

தினமும் காலையில் தலை வாருவதற்கு முன் எந்தக் கத்தி என்று முடிவு செய்துவிடுவேன். இது விளையாட்டு இல்லை. ஒரு திங்கட்கிழமை அவசரத்தில் பித்தளையை எடுத்துப் போய்விட்டு, பதினோரு பார்சல் கயிற்றையும் எலி கொறிப்பதுபோல் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு நாள் பிரெஞ்சுக் கத்தியில் மாங்காய் நறுக்கினேன். அது கொய்யாவுக்கு நல்ல கத்தி, ஆனால் துருப்பிடிக்கிற இரும்பு, புளிப்பு பட்டதும் அலகு சிலேட்டு மாதிரி கறுத்துவிட்டது. பக்கத்து மேசை ஹேமலதா, "ஆணிய நக்குன மாதிரி இருக்குதுடி" என்று சொல்லிக்கொண்டே நாலு துண்டு தின்றாள். கடல் காற்றில் இந்தக் கத்தியைத் துடைக்காமல் ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் மஞ்சள் பூத்துவிடும். சுடிதாருக்குப் பாக்கெட் கிடையாது என்பதையும் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தையல்காரரிடம் உள்பக்கம் ஒன்று வைக்கச் சொன்னபோது, "செல்போனுக்கா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். என்னிடம் செல்போன் இல்லை.

கடற்கரைச் சாலையில் யாரோ மந்திரி வருகிறார் என்று எல்லார் பையையும் பார்த்த அன்றைக்கு நடந்ததை அப்பா உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார். போலீஸ் என்னைப் பிடிக்கவில்லை. சிவப்புத் தொப்பிக்காரர் கத்தியை எடுத்து, "இது எதுக்கும்மா?" என்றார். பைக்குள் இருந்த கொய்யாவை எடுத்துக் காட்டினேன். "சரி, திரும்பி வரப்போ வாங்கிக்கோ" என்றார். திரும்பி வந்தபோது அவர் சக காவலரின் சட்டையில் தொங்கிய பொத்தான் நூலை என் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். "நல்ல கத்திம்மா, எங்க வாங்கன?" என்றுதான் கேட்டார். அரசாங்கத்துக்கே ஆட்சேபம் இல்லை.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் உங்கள் வீட்டில் இளஞ்செழியன் அண்ணன் கல்யாணம். நலங்கு வைத்ததிலிருந்து தாலி கட்டும் வரைக்கும் மாப்பிள்ளை கையில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தி இருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாது என்பது நம் வழக்கம். நீங்கள் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் டிக்கெட் கிழிப்பதுபோல் அடித்துக்கொண்டே வந்தீர்கள். எலுமிச்சம்பழம் ஆறு வந்தது. கத்தி வரவில்லை. பிள்ளைகள் எடுத்துவிடும் என்று பெரியம்மா அதை அரிசி டிரம்முக்குள் போட்டு, டிரம்முக்கு மேல் இரண்டு மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். சமையல்காரரைக் கேட்டால் முழ நீளத்தில் ஒன்றை வெங்காயத்தோலோடு நீட்டினார். இலை நறுக்குகிறவர் அரிவாளைத் தந்தார். "அத்த எடுத்துக்கினு மேடைக்குப் போனா பொண்ணு வீட்டுக்காரங்க ஓடிடுவாங்கய்யா" என்று யாரோ சொன்னார்கள். நாதசுரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்தார். அண்ணன் வெறும் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சர்பத் கடைக்கு வந்தவர் மாதிரி நின்றார். அப்போது நான் பையிலிருந்து கொம்புப்பிடிக் கத்தியை எடுத்து, விரித்து, தாம்பாளத்தில் வைத்தேன். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னீர்கள்: "பாத்தீங்களா, யாரு பொண்ணு? என் தம்பி கண்ணையன் பொண்ணு. பி.காம்மு. எதுன்னாலும் ரெடியா வச்சிருக்கும்."

கல்யாண ஆல்பத்தில் நூற்றுப்பத்துப் படத்தில் என் கத்தி இருக்கிறது. நான் இரண்டில் இருக்கிறேன். ராத்திரி முழுக்க எலுமிச்சைச் சாற்றில் ஊறிய கறை இன்னும் அலகில் இருக்கிறது, சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அதே மண்டபத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த உப்பளத்துச் சுலோசனா அம்மாள் நான் கத்தியை எடுத்ததைப் பார்த்திருக்கிறார். இப்போது அவர் மகனுக்கு என்னைக் கேட்டு ஆள் அனுப்பியபோது, "பொண்ணு அடக்கமான பொண்ணுதான். ஆனா பையில கத்தி இருக்குதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெரியப்பா, அண்ணன் கையில் இருந்தபோது அது காவல். என் பையில் இருந்தால் அது குற்றம். கத்தி ஒன்றுதான். நாளைக்கே அவர் மகன் எனக்குத் தாலி கட்டுவதென்றாலும் கையில் கத்தியோடுதானே வந்து உட்காருவார்? அவருக்கு ஒரு ராத்திரிக்கு வேண்டியிருக்கிறது, எனக்கு வாரத்தில் ஆறு நாள் வேண்டியிருக்கிறது. அடக்கமான பெண்ணிடம் கத்தி இருந்தால் அதுவும் அடக்கமாகத்தான் இருக்கும், மடக்கித்தானே வைத்திருக்கிறேன். இந்த இடம் போனால் போகட்டும். எனக்கு வயது இருபத்து மூன்று, சம்பளம் வருகிறது, நறுக்கக் கொய்யாவும் இருக்கிறது. ஆகவே மூன்றில் ஒன்றும் படியேறி வராது என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் ஆசி எப்போதும் எனக்கு வேண்டும், கோபத்தோடு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

கீழ்ப்படியாத, ஆனால் பணிவுள்ள,
பூர்ணிமா

பின்குறிப்பு, வியாழக்கிழமை: நேற்றே இதை உங்கள் வாசலில் வைத்துவிட்டு வரக் கிளம்பினேன். கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்த பெரியம்மா கையில் மாட்டிக்கொண்டேன். படிக்கச் சொல்லிக் கேட்டு, அரிசி டிரம் வந்த இடத்தில் முறைத்தார்கள், மற்றபடி சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "அவருக்கு உன் கத்தி இன்னாத்துக்குடி? அந்தம்மா கேட்டு அனுப்பினப்போ, 'அதெல்லாம் அன்னிக்கே புடுங்கி பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன்'னு பெருமையா சொல்லி அனுப்பிட்டாரு. இப்ப சொன்னது பொய்யாப் பூடுமேன்னு ரெண்டு நாளா சோறு எறங்காம படுத்துக்கினு கீறாரு. உங்கிட்ட கேக்கவும் வெக்கம், அதான் கத்துறாரு."

எனவே மேலே எழுதியதில் பாதி, தப்பான ஆளுக்கு எழுதியதாக ஆகிவிட்டது. கோபமாக வந்த இடங்களை அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும்தான் வாய் எழும்பாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் சொன்ன பொய்யை நீங்களே திருத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கேசரித் தட்டை வைத்ததும் சுலோசனா அம்மாளிடம் நானே சொல்கிறேன்: கத்தி என்னிடம்தான் இருக்கிறது, இனிமேலும் இருக்கும், அதற்குச் சம்மதம் என்றால் மேற்கொண்டு பேசலாம். மூன்று வாக்கியம். இன்று அலுவலகத்தில் ஹேமலதா முன்னால் நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், நான்காவது தடவை குரல் நடுங்கவில்லை.

உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான், பெரியப்பா. முதல் வாக்கியத்துக்கும் மூன்றாவது வாக்கியத்துக்கும் நடுவில் நான் நின்றுபோனால், எனக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள். நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.