ஏழாம் நம்பர் மலையில் அணைந்த லெப்டொப்

"எந்த லெப்டொப் வாங்கலாம்?" என்று யாராவது என்னிடம் கேட்டால், இப்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன். வயிற்றுவலி பொய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது மட்டும் உண்மை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் யாரும் என்னைக் கேட்கவே வேண்டியதில்லை. நானே தேடிப் போய்ச் சொல்வேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் எனக்கு வேலை. போட்டோகொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, டைப் அடிப்பது. ஆறு மாதக் கொம்பியூட்டர் கோர்ஸ் முடித்த சான்றிதழை லேமினேட் பண்ணி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். (சாமிக்குப் போடுகிற பூவில் பாதி அதற்கும் போகும். அம்மாவின் ஏற்பாடு.)

லெப்டொப் விஷயத்தில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. வருகிறவரிடம் முதலில் தொழிலைக் கேட்பேன். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளியா? பெரிய திரை, ஓரத்தில் எண்களுக்குத் தனி விசைகள். கனத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது மேசையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை, முதலாளியும்தான். ஸ்டூடியோக்காரரா? நிறத்தைச் சரியாகக் காட்டும் திரை, நிறைய மெமரி, பெட்டரி எப்படிப் போனால் என்ன. ஸ்கூல் டீச்சரா? கைப்பைக்குள் போகிற மெல்லிசு, காலையில் சார்ஜ் போட்டால் பின்னேரம் வரை நிற்க வேண்டும், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் குடி முழுகிவிடாது. கார் ஓட்டி விளையாடுகிற இளவட்டமா? அவருக்குக் கிராபிக்ஸ் கார்ட், இரண்டு காற்றாடி, கலர் கலராக மினுங்கும் கீபோர்ட். ஆனால் அதைப் பிளக்கை விட்டு அவிழ்க்கக் கூடாது, கட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஊரில் பத்துப் பேருக்குச் சரியாகச் சொன்னவன், சொந்தத் தங்கச்சி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

தங்கச்சி நிரோஷா என்னைவிடக் கெட்டிக்காரி. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் தண்ணீராய் வரும். (எனக்கு மூன்றிலும் கோபப்பட மட்டும் தெரியும்.) கொழும்பில் ஒரு கம்பனி, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்கு மூன்று மொழியிலும் பதில் எழுதும் ஆட்களைத் தேடியது. சம்பளம் நல்ல சம்பளம். ஒரே நிபந்தனை, சொந்தமாக லெப்டொப் இருக்க வேண்டும். விண்ணப்பித்தாள். நேர்முகப் பரீட்சைக்கு ஒன்லைனில் வரச் சொன்னார்கள்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. இருபத்தெட்டு வருடமாக அம்மாதான் கொழுந்துக் கூடையைச் சுமந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்டது. மலை ஏறும்போது "முருகா"வும் இறங்கும்போது "ஐயோ"வும் சொல்வார். நேர்முகத்துக்கு அழைப்பு வந்த அன்றைக்கு அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்த வேல மட்டும் கெடச்சிருச்சுன்னா, அடுத்த மாசமே தோட்டத்துல பேர வெட்டிக்கிறேன். போதும்மா, எங்கிட்ட இனி தெம்பு இல்ல."

சீட்டுப் போட்டுச் சேர்த்ததை எடுத்து நிரோஷாவின் கையில் கொடுத்தார். "அண்ணன கூட்டிட்டுப் போ. அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார்.

ஹட்டனில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் என்னைப் பார்க்காமல் நிரோஷாவைப் பார்த்துக் கேட்டார்.

"எதுக்கும்மா பாவிக்கப் போறீங்க?"

"இன்டர்வியூ ஒண்ணு இருக்குங்க. அப்புறம் டைப் பண்ற வேல."

"வீட்ல கரண்ட் ஒழுங்கா இருக்குமா?"

"காத்தடிச்சா போயிருங்க."

அவர் ஒரு சாம்பல் நிற லெப்டொப்பை எடுத்து வைத்தார். மெல்லிசு. ஒரு கொப்பிப் புத்தகம் அளவுக்குத்தான் கனம். "இதுக்கு ஸ்பீட் சுமார்தான். ஆனா எட்டு மணித்தியாலம் சார்ஜ் நிக்கும். எழுதுற வேலைக்கு இது தாராளம்" என்றார்.

என் முறைப்படி பார்த்தாலும் அதுதான் சரி. டீச்சர் ரகம். நானும் வாயைத் திறந்து "சரிங்கண்ணே" என்று சொல்லத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து மேல் தட்டில் கறுப்பாக ஒன்று கண்ணில் பட்டது. கீபோர்ட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெளிச்சம் ஓடியது. ஒரு வருடமாக நான் யூடியூப்பில் பார்த்துப் பார்த்து ஏங்கிய ஜாதி. பழைய மொடல் என்பதால் விலையும் அதே விலை.

அதற்குப் பிறகு நான் பேசியதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "அண்ணே, இந்தச் சாம்பல் சாமானுக்கு எதிர்காலமே இல்ல" என்று ஆரம்பித்தேன். கோர் என்றேன், கிராபிக்ஸ் என்றேன், நாளைக்கு வீடியோ எடிட் பண்ண வேண்டி வந்தால் என்ன செய்வாள் என்றேன். (வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுகிறவள் எதற்கு வீடியோ எடிட் பண்ணப்போகிறாள்? யாரும் கேட்கவில்லை. நான் கேட்க விடவில்லை.) கடைக்கார அண்ணன் "பெட்டரி..." என்று இழுத்தார். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று அவர் வாயை அடைத்தேன்.

நிரோஷா அதைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணே, அம்மிக்கல்லு மாதிரி கனக்குதே."

"கனமா இருந்தாத்தான்டி தரம்."

அவளுக்கு அந்தச் சாம்பல் நிறத்தில்தான் கண். ஆனாலும் அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினார். அதோடு நிரோஷாவுக்கு அதைப் பார்க்கிற பாக்கியம் முடிந்தது. நேர்முகத்துக்கு இருந்த ஒன்பது நாளும் வேலை விட்டு வந்ததும் நான்தான் அதைப் பிளக்கில் செருகி வைத்துக்கொண்டு கார் ஓட்டினேன். "செக் பண்றேன்" என்று பெயர். அவள் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு டைப் பழகினாள்.

எங்கள் லயத்தில் சிக்னல் ஜன்னலோரத்தில் ஒரு கோடு வரும். எழுதுகிற வேலைக்கு அது போதும், முகம் பார்த்துப் பேச முடியாது. பேச வேண்டுமானால் ஏழாம் நம்பர் மலை உச்சியில் இருக்கிற பாறைக்கு ஏற வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்பெல்லாம் அந்தப் பாறையில் உட்கார்ந்து படித்தவர்கள்தான்.

என் கடை முதலாளி நல்ல மனிதர். "தங்கச்சிய நம்ம கடைக்கே கூட்டிட்டு வாங்க தம்பி. கரண்டும் இருக்கு, சிக்னலும் இருக்கு" என்றார். நான் வேண்டாம் என்றேன். போட்டோகொப்பி மெஷின் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். ஹட்டனில் அந்த லெப்டொப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? ஏழாம் நம்பர் மலையில் அந்தக் கிழமை முழுவதும் கொழுந்தெடுப்பு. தோட்டமே பார்க்கும்.

நேர்முகத்துக்கு முதல் நாள் நிரோஷா கேட்டாள். "அண்ணே, பாறைக்கு ஒருக்கா கொண்டு போய் ஓட்டிப் பாத்துட்டு வருவமா?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆகாது, போ." மழை வருகிற மாதிரி இல்லை. நான் கடைசி ரவுண்டில் இருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு நேர்முகம். ஒன்பதே காலுக்கு நான் லெப்டொப்பைச் சுமந்துகொண்டு மலை ஏறினேன். நிரோஷாவுக்கு இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, பவுடர், பொட்டு. இடுப்புக்குக் கீழே கொழுந்தெடுக்கும்போது சுற்றிக் கட்டுகிற அம்மாவின் பழைய படங்குச் சாக்கும், அட்டைக்குப் பயந்து ரப்பர் பூட்ஸும். பாறையில் ஒரு உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நான் குடையைப் பிடித்தேன். கீழே தேயிலை நிரையில் அம்மாவோடு கொழுந்தெடுக்கிற இருபது பெண்கள்.

கங்காணி ஐயா பொதுவாக மலையையே அதிர வைக்கிற குரல்காரர். அன்றைக்கு அவரே விரலை வாயில் வைத்து, "யாரும் சத்தம் போடக்கூடாது. புள்ள இன்டர்வியூ பேசப் போகுது" என்று அடங்கிய குரலில் சொன்னார். அந்த மலையில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

பத்து மணிக்கு ஒன்லைனில் உள்ளே போனாள். "காத்திருங்கள்" என்று ஒரு வரி வந்தது. பத்தே கால். பத்தரை. எனக்கு ஒரு கவலையும் இல்லை, கீபோர்ட் வெளிச்சம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி லெப்டொப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். பத்தே முக்காலுக்குத்தான் தற்செயலாகத் திரையின் ஓரத்தில் பெட்டரியைப் பார்த்தேன். இருபத்தொன்பது வீதம்.

வெளிச்சத்தைக் குறைத்தேன். கலர் மினுக்கலை நிறுத்தத் தேடினேன், நிறுத்துகிற இடம் தெரியவில்லை. (ஒன்பது நாள் செக் பண்ணியவன்!) சார்ஜர் என் பையில்தான் இருந்தது, செங்கல் சைஸில். செருகுவதற்குப் பாறையில் ஓட்டை இல்லை. கீழே தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் பிளக் உண்டு, அங்கே சிக்னல் கிடையாது.

பத்தொன்பது வீதத்தில் ஒரு மேடம் திரையில் வந்தார். நிரோஷா பேச ஆரம்பித்தாள். அடடா, என்ன பேச்சு! மேடம் சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில், இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில். கீழே ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். அம்மா கூடையோடு அப்படியே நின்றார்.

இடையில் மேடம், "பின்னால் ஏதாவது மெஷின் ஓடுகிறதா?" என்று கேட்டார். லெப்டொப்பின் காற்றாடிகள்தான். தேயிலை அரைக்கிற ஸ்டோரில்கூட அவ்வளவு சத்தம் வராது. "முகத்தில் ஏன் கலர் கலராக வெளிச்சம் அடிக்கிறது, திருவிழாவா?" என்றும் கேட்டார். நிரோஷா சிரித்துச் சமாளித்தாள். மேடமும் சிரித்தார். "ரொம்ப நல்லா பேசுறீங்க. கடைசியா ஒரு டைப்பிங் டெஸ்ட், பதினைந்து நிமிஷம். அவ்வளவுதான்" என்றார்.

எட்டு வீதம். நிரோஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

டைப் அடித்தாள். விரல் பறந்தது. பாதிக்கு மேல் முடித்திருப்பாள். "டுப்" என்ற சின்னச் சத்தத்தோடு திரை கறுத்தது. கலர் விளக்குகளும் அணைந்தன. கறுத்த திரையில் எங்கள் இரண்டு பேர் முகமும்தான் தெரிந்தது.

நிரோஷா போனில் மேடத்தைக் கூப்பிட்டாள். மேடம் கோபப்படவில்லை. "மிஸ், இது ஒரு நாளைக்கு ஏழு மணித்தியால வேலை. உங்கட மெஷின் ஒண்டரை மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்கேல்லயே. நாங்க அறிவிக்கிறம்" என்றார். நிரோஷா "தேங்க்யூ மேடம்" என்று சொன்னது கீழே நின்றவர்களுக்கும் கேட்டது.

"என்னாச்சு சாமி, முடிஞ்சிருச்சா?" என்று அம்மா கீழேயிருந்து கேட்டார்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள் நிரோஷா.

அம்மா குனிந்து மறுபடி கொழுந்தெடுக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். கங்காணி ஐயா அன்றைக்கு முழுவதும் யாரையும் ஏசவில்லை.

கம்பனி அறிவிக்கவே இல்லை. ஒரு மாதம் ஜன்னலோரத்தில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிரோஷா கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். லெப்டொப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "நீயே வச்சிக்கண்ணே. ஒனக்குத்தான வாங்குனது" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும் ஒரே கேள்விதான்: "இது பாறை மேல எவ்வளவு நேரம் நிக்கும்?" மாமா ரைஸ் குக்கர் வாங்கியபோது கேட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டார் "மாப்பிள்ளை எப்படி?" என்று விசாரித்ததற்கு, எங்கள் மாமா "பாறைல ஒண்டரை மணித்தியாலம் நிப்பாரு" என்று சொல்லிவிட்டார். கதை அம்பலமாகி, பெண் வீடே உருண்டு புரண்டு சிரித்தது. அந்தப் பெண்தான் என் மனைவி. இப்போது அவளும் அந்தக் கட்சி. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவன் நான்தான்.

போன தீபாவளிக்கு நிரோஷா வந்தாள். அம்மாவுக்கென்று முழங்காலில் மாட்டுகிற பட்டி இரண்டு விதமாகக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று கம்பி வைத்து, பட்டையெல்லாம் போட்டு, பார்க்கவே டொக்டர் சாமான் மாதிரி இருந்தது. மற்றது சாதாரண இலாஸ்டிக். நான் முதலாவதைக் கையில் எடுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"அண்ணே, நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள். "அம்மாவே போட்டுப் பாக்கட்டும்."

எல்லாரும் சிரித்தோம். அம்மா இரண்டையும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, வாசல் படிக்கட்டில் நான்கு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். இலாஸ்டிக்தான் சௌகரியம், கூடையோடு குனிய நிமிர வருகிறது என்றார். நிரோஷா இரண்டு நாளில் கொழும்புக்கு பஸ் ஏறினாள். அவள் போன மறுநாள் விடியற்காலை, அம்மா அதை முழங்காலில் இழுத்து மாட்டிக்கொண்டு, கொழுந்துக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனார்.