ஆயுத பூஜைக்கு ஒரு நிஜ ஆயுதம்

எங்கள் வீட்டில் எந்த இயந்திரத்தையும் சந்தனம் வைக்காமல் நம்புவதில்லை. அப்பா ஓட்டும், எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி, அம்மாவின் மின்சாரச் சோற்றுப்பானை, பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பக் கேட்காத புல்வெட்டும் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜையன்று பொட்டு உண்டு. நான் டிப்ளோமா முடித்த ஆண்டில் சான்றிதழுக்கும் வைத்தார்கள். அந்த மஞ்சள் கறையோடுதான் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். (“இது என்ன, குழம்பா?” என்று கேட்டார்கள். “ஆமாம்” என்றேன். விளக்கப் போனால் நேரமாகும்.)

கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் பழைய கடைவீடு ஒன்றைச் சீர்செய்து நடத்திவந்த சிறிய காட்சிக்கூடத்தில் உதவி விளக்குநர் வேலை. வருகிறவர்களுக்குப் பழைய பொருள்களைக் காட்டிப் பேச வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் எதையும் தூக்காமல், வெட்டாமல், வாயால் பேசியே சம்பளம் வாங்கப் போகும் முதல் ஆள் நான். ஆனால் இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. மேலாளர் அம்மையார் புவான் ரோஸ்னா மலாயில் சொன்னதன் சாரம் இது: “துப்பாக்கிப் பகுதியைத் திறந்து வைக்க டத்தோ வருகிறார். நீதான் விளக்கப் போகிறாய். அன்றைக்குச் சரியாகப் பேசினால் உன்னை நிரந்தரமாக்குகிறேன்.” (டத்தோ என்பது சுல்தான் தரும் பட்டம், அது வந்துவிட்டால் யாரும் பெயர் சொல்வதில்லை.) சரியாகப் பேசாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பகுதி முழுவதற்கும் இருந்ததே ஒரு துப்பாக்கிதான். வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடிக்கும் பழைய நெட்டைத் துப்பாக்கி. பிறந்தபோது அது கல் துப்பாக்கி. குதிரை என்று சொல்லும் சுத்தியல் தன் வாயில் ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு எஃகுத் தகட்டில் போய் உரசும். பொறி பறந்து சின்னத் தட்டில் இருக்கும் மருந்தில் விழும். அந்தத் தீ பக்கத்துத் துளை வழியாகக் குழலுக்குள் ஓடிப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். மழை பெய்தால் எதுவும் நடக்காது. (மழை கொட்டும் கெடாவில் இதை வைத்துக்கொண்டு யாரைச் சுட்டிருப்பார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.)

பிறகு யாரோ ஒரு புத்திசாலி தட்டையும் தகட்டையும் கழற்றிவிட்டு, அதே பக்கத்துத் துளையில் ஒரு குட்டி உருளையைத் திருகி, அதன் தலையில் ஒரு நிப்பிளை நட்டிருக்கிறார். மோட்டார் கடையில் கிரீஸ் அடிக்கும் நிப்பிளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஊசி நுழையும் துளை. அதன்மேல் தொப்பி போல, உள்ளே மருந்து ஒட்டிய ஒரு குட்டிச் செப்புக் கேப்பைக் கவிழ்த்துவிட்டால், குதிரை விழும்போது கேப்பு வெடித்து, தீ அந்தத் துளை வழியே குழலுக்குள் போகும். மழைக்கும் கவலையில்லை.

எங்கள் துப்பாக்கி இனி யாரையும் சுடாது. குண்டு நுழைய முடியாதபடி குழலுக்குக் குறுக்கே ஓர் எஃகுக் கம்பியை இறக்கிவிட்டிருந்தார்கள். ஆனால் காற்று போகும். இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. குழல் வாய்க்கு எதிரே மெழுகுவத்தி ஏற்றி வைப்பது. தீபாவளிக்குப் பிள்ளைகள் விளையாட விற்கிறார்களே, சிவப்பு வளையத்தில் பொம்மைத் துப்பாக்கிக் கேப்பு, அதில் ஒன்றை அறுத்து நிப்பிளில் கவிழ்ப்பது. குதிரை விழுந்ததும் குழல் வழியாகக் காற்று ஓடி மெழுகுவத்தி அணையும். தீ எந்த வழியில் போகிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடலாம். புவான் ரோஸ்னா போலீசில் கேட்டு அனுமதியும் வாங்கித் தந்தார்.

பழைய நிப்பிள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. துப்பாக்கியோடு வந்த துணிப்பையில் வேறு நிப்பிள்கள் கிடந்தன. ஒரு மோட்டாரின் சாமான் இன்னொரு மோட்டாருக்குச் சேரும் ஊரில் வளர்ந்தவன் நான், எது போட்டால் என்ன என்று நினைத்தேன். முதலாவது இரண்டு சுற்று உள்ளே போய் இறுகிக்கொண்டது. திருகு மரை வேறு. பலம் கொடுத்திருந்தால் துளையின் மரையும் போயிருக்கும். அடுத்தது உள்ளே விழுந்து பல் போல ஆடியது. கடைசியில் இரண்டு நிப்பிள்கள் மட்டும் விரலாலேயே அடிவரை திருகிக்கொண்டு போயின. ஆனால் அவற்றில் ஒன்றின் தலை கொஞ்சம் தடிமன், கேப்பு பாதியில் நின்றது. மெலிந்த தலை உள்ளதைப் பூட்டினேன். மெழுகுவத்தி ஒரே அடியில் அணைந்தது. யாரும் இல்லாத கூடத்தில் எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் ஊரான குருணிலிருந்து அம்மா போன் செய்தார்.

“உன் துப்பாக்கிக்கு யாருடா பூஜை போடுறா?”

“அம்மா, அது காட்சிப் பொருள். யாரும் தொடக்கூடாது.”

“இத்தன வருசமா ஸ்பானருக்கும் சட்டிக்கும் வச்சிட்டு ஆயுத பூஜைன்னு சொல்லிக்கிட்டிருந்தோம். இப்பதான் நம்ம குடும்பத்துக்கு நெசமாவே ஒரு ஆயுதம் வந்திருக்கு. அதுக்கு வைக்காம சோத்துப்பானைக்கு மட்டும் வைக்கவா? சாமி சிரிக்காது?”

“வேலை இருக்கும்மா” என்று போனை வைத்தேன்.

சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் தட்டுடன். புவான் ரோஸ்னா வெளியே கூட்டத்துக்குப் போயிருந்தார். கற்பூரம் ஏற்றக்கூடாது என்று கூரையில் இருந்த புகை உணரும் கருவியைக் காட்டிக் கெஞ்சினேன். “மேல ஒரு பொட்டுகூடத் தெரியக்கூடாதும்மா. நாளைக்கு டத்தோ வர்றாரு.”

“சரிலா, சரிலா.”

ஆனால் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கே மனம் கேட்கவில்லை. நான் பூட்டிய நிப்பிள் அல்லவா? அதன் உச்சியில் மட்டும் ஒரு சொட்டு வைத்தேன். பிறகு துடைக்கத் தாள் எடுக்க உள்ளே போய்வந்தேன். நன்றாகவே துடைத்தேன். அம்மா நல்ல பிள்ளை போலத் தட்டை மூடிக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. டத்தோ பருமனான, கலகலப்பான மனிதர். அம்மா கடைசி வரிசையில் பட்டுச்சேலையில். நான் கல்லில் தொடங்கிக் கேப்பு வரை தடுமாறாமல் பேசினேன். புவான் ரோஸ்னா தலையை ஆட்டினார். மெழுகுவத்தியை ஏற்றினேன். குதிரையை இழுத்துவிட்டேன்.

டப்!

சுடர் அசையவே இல்லை. கூட்டத்திலிருந்து மரியாதைக்காகச் சிலர் கை தட்டினார்கள், அது இன்னும் வலித்தது.

நிப்பிளைப் பார்த்தேன். நான் துடைத்தது மேலே இருந்த சந்தனத்தை. துளைக்குள் இறங்கியது இராத்திரியில் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. ஊசி தேடக்கூட நேரமில்லை. பையிலிருந்த தடித்தலை நிப்பிளை எடுத்து மாட்டினேன். மரை சரிதானே! கேப்பைக் கவிழ்த்துக் குதிரையை விட்டேன்.

டொக்.

கேப்பு வெடிக்கக்கூட இல்லை. தலை தடிமனாக இருந்தால் முதல் அடி கேப்பைக் கீழே தள்ளி உட்காரவைக்கத்தான் ஆகும், வெடிக்க இரண்டாவது அடி வேண்டும். இதை நான் படித்திருக்கிறேன். படித்தது ஞாபகம் வந்தபோது என் கை இரண்டாம் முறையாகக் குதிரையை இழுத்து விட்டிருந்தது. அதற்குள் டத்தோ, “பரவாயில்லை, மெழுகுவத்தி தள்ளி இருக்கிறதோ?” என்று அதை நகர்த்தக் குனிந்துவிட்டார்.

டப்!

மெழுகுவத்தி அணைந்தது. கூடவே டத்தோவும் காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேகம் நின்றது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. மேகம் கலைந்தபோது கறுப்புச் சொங்கோக் தொப்பி சாம்பல் நிறமாகியிருந்தது. புருவமும் மீசையும் நரைத்து, ஒரே நொடியில் தன் தாத்தாவைப் போல ஆகிவிட்டிருந்தார்.

“என்ன இது?”

“பழைய... வெடிமருந்தோட மிச்சம், டத்தோ” என்றேன். (என் வாழ்நாளின் மிக முட்டாள்தனமான வாக்கியம் இதுதான். போட்டிக்கு நிறைய உண்டு, இருந்தும் இதுதான்.) கூட்டம் பின்வாங்கியது. காவலாளி தீயணைப்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். புவான் ரோஸ்னாவின் முகத்தில் என் வேலை மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

“மருந்தெல்லாம் இல்லலா! அது திருநீறு! நான்தான் போட்டேன்!” பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் வந்தார். டத்தோவிடம், தோட்டத்தில் பழகிய தன் மலாயில், “சாமி சாம்பல் டத்தோ, ஒண்ணும் செய்யாது. மேல வைக்காதேன்னான் இவன். அதான் குழாய்க்குள்ள போட்டேன்” என்றார்.

“எதற்கம்மா?” என்றார் டத்தோ.

“இவனுக்கு இந்த வேல நிக்கணும்னு.”

டத்தோ மீசையைத் தட்டினார். அணைந்த மெழுகுவத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவர், இடையிடையே தும்மிக்கொண்டே புவான் ரோஸ்னாவிடம் சொன்னார்: “தீ எந்த வழியாகப் போகும், எந்த வழியாக வெளியே வரும் என்று இந்தத் தம்பி சொன்னதை நான் இனி மறக்க மாட்டேன். என் மூக்கும் மறக்காது.”

புவான் ரோஸ்னா சிரிக்கவில்லை. டத்தோ போனதும் என்னைக் கூப்பிட்டார். சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், ஆகவே குழல் கண்ணாடி போலப் பளபளக்கும்வரை வேறு வேலையே கிடையாது என்றார். குறுக்குக் கம்பியைத் தாண்டி நுழையும் மெல்லிய கோலில் துணி சுற்றி, எண்ணெய் தொட்டு, கை மரத்துப்போகும்வரை தேய்த்தேன். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அவர் மேசைக்குத் திரும்பி என் நியமனத்தில் கையெழுத்துப் போட்டார். “ஆனால் ஓர் அறிவிப்புப் பலகை வை. மூன்று மொழியில். தமிழ்தான் முதலில், தமிழ்தான் பெரிதாக.”

“குழலுக்குள் எதையும் போடாதீர்கள்” என்று எழுதிவைத்தேன். நிரந்தர ஊழியனாக நான் எழுதிய முதல் வாக்கியம். யார் இதற்குள் என்ன போடப் போகிறார்கள் என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

கோலா கெத்திலிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அம்மா அவர்களை அலோர் ஸ்டாருக்கு அழைத்து வந்துவிடுகிறார். துப்பாக்கியைக் காட்டுவதில்லை. நேராகப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எழுத்தின்மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துக் காட்டுகிறார்.

போன வாரம் சித்தி கேட்டார், “ஏன்கா, இதுல என்ன பெரும?”

“எம்மவன் எழுதுனது” என்றார் அம்மா. “அதுவும் எனக்குன்னே எழுதுனது.”