தையல் அறை விளக்கு மாற்றம் தொடர்பாக

என் துணைவியாரின் ஒரே தம்பியும், எனக்குப் புத்தி சொல்வதில் இன்றுவரை சலிக்காதவனுமாகிய மச்சானுக்கு அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, அவளுடைய தையல் மெஷின், மேலே புதிதாக எரியும் இரண்டு எல்.இ.டி. டியூப்கள் ஆக ஐவரும் சௌக்கியம். அங்கே நீயும், அக்காவுக்காக நீ காலி செய்து வெள்ளையடித்து வைத்திருக்கும் மாடி அறையும் சௌக்கியமாக இருப்பீர்களாக. அந்த அறை இனி உனக்கே. நீ அனுப்பிய வேன் வாசலில் நிற்கிறது. இந்தக் கடிதம் ஒன்றைத் தவிர வேறு சுமை இல்லாமல் அது உன்னிடம் திரும்பி வரும்.

நடந்தது உனக்குப் பாதி தெரியும் என்றாலும், முப்பத்தொரு வருடம் பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் முழுவதையும் பதிவு செய்கிறேன். தையல் அறையின் பழைய டியூப் லைட் இரண்டும் கண் சிமிட்ட ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. அந்த வெளிச்சத்தில் உன் அக்கா பன்னிரண்டு நீலச் சீருடைக் கால்சட்டைகளைக் கறுப்பு நூலில் தைத்துவிட்டாள், பள்ளிக்கூடத்திலிருந்து மூட்டையாகத் திரும்பி வந்தது, உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை தம்பி வேன் அனுப்பறான். அங்க மாடி ரூம்ல ஜன்னல் வெளிச்சம் நல்லா வருது, மெஷின் அங்கயே இருக்கட்டும். காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துடறேன். உங்களுக்குச் சாப்பாடு மூடி வச்சிட்டுப் போறேன்." மூடி வச்சிட்டுப் போறேன்! மச்சான், ரிட்டையர் ஆன நாளிலிருந்து எனக்குப் பகல் என்பதே அந்த மெஷின் சத்தம்தான். நான் பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன், அவள் மிதிப்பாள். அது இல்லாத வீட்டில் நான் யாருக்கு வாசிப்பது, மூடி வைத்த தட்டுக்கா?

அப்போதே தீர்மானித்தேன், டியூப்பை நானே மாற்றுவதென்று. உனக்கு போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை, ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க." பின்னால் நின்ற உன் மனைவி சிரித்ததும் என் காதில் விழுந்தது. எலெக்ட்ரீஷியன் யாராவது இந்த வாசப்படி ஏறினால் நான் இறங்கிவிடுவேன் என்று உன் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை புது டியூப் இரண்டையும் பழைய ஃபிட்டிங்கிலேயே மாட்டினேன். பழையதாவது சிமிட்டியது, இது எனக்கு எச்சரிக்கை விடுகிற மாதிரி வெட்டி வெட்டி எரிந்தது. அப்புறம்தான் அட்டைப்பெட்டியைப் படித்தால், ஸ்டார்ட்டரைக் கழற்று, சோக்கை எடு, ஒயரை நேரடியாகக் கொடு என்று போட்டிருக்கு. இதை முதல்லயே கொட்டை எழுத்துல போட வேண்டாமா? சரி, வெள்ளிக்கிழமை காலையில மெயினை அணைச்சேன், ஏணியில ஏறினேன், சோக்கைக் கழற்றினேன். அம்மாடி, என்ன கனம்! அது மட்டும் உன் தலையில விழுந்திருந்தா இவ்வளவு புத்தி சொல்லியிருக்க மாட்டே. எந்த ஒயர் எதுன்னு குழப்பம் வரக்கூடாதுன்னு, ஆபீஸ் பழக்கத்துல, ஒவ்வொண்ணுக்கும் சின்னச் சீட்டு எழுதி, வரிசை எண் போட்டு, பசை தடவி ஒட்டினேன். மெயினை அணைச்சதால ஃபேன் இல்ல, வியர்வை ஆறா ஓடுது. கீழ இறங்கிப் பார்த்தா ஒயர்ல ஒரு சீட்டு இல்ல, எல்லாம் என் முழங்கையில. உன் அக்கா நிதானமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் கையைப் படிக்கிறா: "நியூட்ரல், இணைப்பு மூணு. நீங்கதானா அது?"

நான் அசரலியே. ஞாபகத்துலயே எல்லாத்தையும் சேர்த்து, டேப் சுத்தி, புதுச் சீட்டு ஒட்டி, சனிக்கிழமை காலையில மெயினைப் போட்டேன். டப்! மெயின் விழுந்துடுச்சு. மறுபடி போட்டேன், மறுபடி டப்! மூணாவது தடவை உன் அக்கா என் கையைப் பிடிச்சுட்டா. டியூப்லதான் கோளாறுன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. நாலடி டியூப் ரெண்டையும் தோள்ல சாத்திக்கிட்டு கடைவீதி முழுக்க நடந்தேன், ஜனங்க மரியாதையா விலகி வழி விட்டாங்க. கடைக்காரர் அவர் மேசையில மாட்டினார், பளிச்சுன்னு எரியுது. "டியூப் நல்லாத்தான் சார் இருக்கு. ஒருவேளை தலைமாத்தி மாட்டியிருப்பீங்க"ன்னார். அட, அதானே! கால் தரையில படாம வீட்டுக்கு வந்தேன்.

வந்தா, ஏணி வேற பக்கம் சாஞ்சிருக்கு. பெருக்கினேன்னு சொன்னா உன் அக்கா. மேசை மேல மூணு டீ கப். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு, மூணாவது எதுக்குன்னு கேட்டா, சூடு ஆத்தறதுக்காம். இதெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு நேரம் ஏது? விறுவிறுன்னு ஏறி, டியூப் ரெண்டையும் தலைமாத்தி மாட்டி, சாமியை வேண்டிக்கிட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

மச்சான்! வெளிச்சம்னா அது வெளிச்சம்! மூலையில இருந்த ஒட்டடையே வெட்கப்பட்டிருக்கும். உன் அக்கா ஊசியை எடுத்தா, நூலை நக்கினா, ஒரே தடவை, கோத்துட்டா. என்னைப் பார்த்துச் சிரிச்சா பாரு, நான் ஏணியிலேயே நின்னு மேல்துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். நிறங்கள்கூட இப்பத்தான் சரியாத் தெரியுது. என் ஸ்க்ரூடிரைவரையே எடுத்துக்கோ, பத்து வருஷமா அதோட பிடி மஞ்சள்னு நினைச்சிட்டிருந்தேன். ஏணி மேல கிடந்ததை எடுத்துப் பார்க்கிறேன், நல்ல ரத்தச் சிவப்புப்பா! அந்தப் பழைய டியூப் என் கண்ணை அவ்வளவு ஏமாத்தியிருக்கு.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், தையல் மெஷின் இந்த வீட்டை விட்டு எங்கும் நகராது. உன் வீட்டிலும் ஆறு பழைய டியூப்கள் சிமிட்டிக்கொண்டிருப்பதை அறிவேன். வரும் ஞாயிறன்று ஏணியோடு வருகிறேன். கூச்சப்படாதே. நீயும் உன் சிரிக்கும் மனைவியும் நீண்ட ஆயுளோடும், நல்ல வெளிச்சத்தோடும் இருக்க மனதார ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பி.கு.: வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். கவரை ஒட்டச் சொல்லி அக்காவிடம் கொடுக்கிறேன்.

பி.கு. 2: தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி நாலு வரி. இவர் ரெண்டு ஒயரையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு, அது மேல 'சரிபார்க்கப்பட்டது'ன்னு சீட்டு ஒட்டியிருந்தார். இவர் கடைக்குப் போன நேரத்துல பின்வாசல் வழியா எலெக்ட்ரீஷியனை வரவழைச்சு எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். சிவப்புப் பிடி அவரோடது. இவர் அதைச் சட்டைப் பையில குத்திக்கிட்டு வீடு முழுக்க நடக்கறார், எப்படித் திருப்பிக் கேட்கறது? இவரோட மஞ்சளை மெஷின் டிராயர்ல ஒளிச்சு வச்சிருக்கேன். அதே மாதிரி சிவப்புல ஒண்ணு வாங்கி அனுப்பு, எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுத்துடறேன். நீ ரூமெல்லாம் வெள்ளையடிச்சு வச்சே, கோவிச்சுக்காதடா. எனக்கும் அங்க வர மனசில்ல. இவர் பேப்பர் வாசிக்காம எனக்குக் கால் ஓடாது. போன் பண்ணி, "அத்தான், கலக்கிட்டீங்க"ன்னு மட்டும் சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழமை இவரை நான் ஒரு மணி நேரம் கடைக்கு அனுப்பறேன். நீ ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த மாடி ரூம்ல உட்கார வச்சிரு. அதான் காலியா இருக்கே.