மடிப்பு சாரின் பீச்சாங்கை விசிறி

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே காற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த மனிதர் ஒருவர்தான். அவரைத் தெரியாதவர்கள், நான் அளக்கிறேன் என்பார்கள். தெரிந்தவர்கள், இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்பார்கள்.

எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர் அவர். ஆறு, வாய்க்கால், மதகு எல்லாம் அவர் பேனாவைத் தாண்டித்தான் காகிதத்தில் ஓட வேண்டும். பணிப் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மடிப்பு சார் என்றால் வாசல் டீக்கடைக்கும் தெரியும்.

எதைக் கையில் கொடுத்தாலும் மடித்துவிடுவார். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, பஜ்ஜி சுற்றி வந்த பேப்பர், எதுவும் தப்பாது. நீங்களும் நானும் மடிப்பதுபோல் இல்லை. நாலடி நீள வாய்க்கால் வரைபடத்தை சோப்பு டப்பா அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். வரப்பில் நின்றுகொண்டு எங்கள் இன்ஜினியர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், தலைமதகு முதல் கடைமடை வரை வரிசையாக விரியும். திரும்ப மடிக்கத்தான் அவரால் ஆகாது. சந்தையில் கோழி வாங்கி வருகிறவர்போல அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, மடிப்பு சார் மேஜையில் இறக்கிவிட்டுப் போவார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மடிப்பு சாரைக் கண்டாலே ஆகாது. எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம். ஒரு நாள் நான் கோப்புகளில் கையெழுத்துப் போடுவதை இவர் அரை மணி நேரமாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மனுஷன் இவர் என்று நான் பொருமிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், உங்க பீச்சாங்கையக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அலுவலகத்தில் கீபோர்டு சத்தம் மொத்தமாக நின்றது.

எனக்குச் சாப்பாடு தவிர எல்லாமே இடது கை. எழுத்தும் இடது கைதான், சாப்பாட்டை மட்டும் அம்மா அடித்துத் திருத்தினார். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் முட்டியில் வாங்கியிருக்கிறேன். இங்கே வந்த பிறகும் தலைமை எழுத்தர் தினமும் ஒரு தடவை, "சோத்தாங்கையால குடும்மா, மேல போற ஃபைல்" என்பார். ஆகவே இவரும் கிண்டலுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"எதுக்கு சார், மடிக்கவா?" என்றேன்.

"இல்ல மேடம், ஒரு பரிசோதனை" என்று பையிலிருந்து ஒரு மடக்கு விசிறியை எடுத்தார். கடையில் வாங்கியது, பூப்போட்டது. "இத அந்தக் கையால தொறங்க."

கட்டை விரலால் தள்ளினேன். பாதியில் நின்றது. ஓர் உதறு உதறினேன். திறந்துகொண்டது, ஆனால் பூவெல்லாம் அந்தப் பக்கம் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, வெறும் முதுகு என்னைப் பார்த்தது. அவருக்கு முகமெல்லாம் பிரகாசம்.

"பாத்தீங்களா. மடக்கு விசிறியெல்லாம் சோத்தாங்கைக்காரன் செஞ்சது மேடம். உங்க கைக்கு அது முதுகத்தான் காட்டும்."

கத்தரிக்கோல் எனக்கு விரோதி என்று தெரியும். கல்லூரியில் கைப்பலகை வைத்த நாற்காலி விரோதி என்று தெரியும். விசிறியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபம் அவர்மேல் இல்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்குப் பொங்கல் முடிந்த வாரத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். வலது கை மட்டும் வரவில்லை. இடது கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை அவர் எடுப்பதே இல்லை.

"பீச்சாங்கையால சாப்பிடறதான்னு மத்தியானம் நான் போய் ஊட்டற வரைக்கும் பட்டினியா உக்காந்திருக்கா. சர்ச்சுக்கு வர்றதில்ல, திருவிருந்துல அப்பம் வாங்க எந்தக் கைய நீட்டறதுங்கறா. கரண்ட் போனா வேர்த்து வழியுது. நான் விசிறினா, நீங்க எனக்கு விசிறணுமான்னு அழறா. அந்தக் கை செத்துப்போச்சுன்னா டாக்டர் பாப்பாரு. இந்தக் கை உசுரோட இருக்கறப்பவே இவ பொதைச்சுட்டா மேடம்."

"பனையோலை விசிறி வாங்கிக் குடுங்களேன் சார். அதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன?"

"அதனாலதான் அது வேணாம். பீச்சாங்கையால மட்டுமே தொறக்கற விசிறி வேணும். அந்தக் கைக்குன்னே ஒரு வேல. சோத்தாங்கை வந்து கெஞ்சினாலும் தொறக்கக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் என் இடது கை அவருக்கு இரவல்.

முதலில் குச்சி. குச்சி ஐஸின் குச்சிதான் சரியான கனம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க அலுவலகமே அவர் செலவில் ஐஸ் தின்றது. தலைமை எழுத்தருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, மேலதிகாரி போனில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நூறு குச்சி சேர்ந்த பிறகு, "குட்டையா இருக்கு, காத்து வராது" என்று மூங்கிலுக்குத் தாவிவிட்டார்.

அடுத்தது மடிப்பு. ஒரு திங்கட்கிழமை அவர் கொடுத்த விடுப்புக் கடிதத்தை நானே என் கண்ணால் படித்தேன். 'பனங்குருத்து விரிவதைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒரு நாள் தற்செயல் விடுப்பு வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.' இன்ஜினியர் அதன் கீழே, 'அனுமதிக்கப்படுகிறது. விரிந்ததா எனத் தெரிவிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் மடிப்பு சார் கண் சிவந்து, கழுத்து சுளுக்கி வந்தார்.

"விரிஞ்சுதா சார்?"

"ஒரு நாள்ல விரியாது மேடம். ஆனா உள்ள எப்படி மடிச்சு வச்சிருக்குங்கறீங்க. ஒரு சுருக்கம் இல்ல. நான் இத்தன நாளா மடிச்சதெல்லாம் குப்பை."

காகிதம் மடிப்பில் கிழிந்தது. பழைய காலத்தில் வரைபடம் வரையப் பயன்பட்ட மெழுகுத் துணி, எலி கடித்த துண்டு ஒன்று பதிவறையில் கிடந்தது. குப்பைக்குப் போக வேண்டியது. சும்மா எடுத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இவர் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தார். 'என்ன பயன்பாட்டுக்கு?' என்று கேட்டுத் திரும்பி வந்தது. 'காற்று' என்று ஒரே சொல்லில் பதில் எழுதி அனுப்பித் துணியை வாங்கிவிட்டார்.

அந்தத் துணியில் என்ன வரைவது என்று நான் கேட்டேன். சுவரில் தொங்கும் பெரிய பாசன வரைபடத்தின் முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"கல்லணைல கட்டை விரல வைங்க. அதான் ஆணி. அங்கேருந்து காவேரி, வெண்ணாறு, குடமுருட்டி, வெட்டாறு, எல்லாம் குச்சி. இந்த ஓரம் சீர்காழி, அந்த ஓரம் பட்டுக்கோட்டை, நடுவுல நாகப்பட்டினம். அதுக்கு மேல கடல். இப்ப சொல்லுங்க, இது என்ன?"

விசிறி. என் தலைக்கு மேலேயே மாசக்கணக்கில் ஒரு மாபெரும் விசிறி விரிந்து கிடந்திருக்கிறது, நான் அதன் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டு கோப்பு எழுதியிருக்கிறேன். உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது எனக்கு. அவர் பாட்டுக்கு அளவு நாடாவை எடுத்து ஆற்றின் வளைவை அளக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குச்சிக்கும் ஆற்றின் பெயர்தான். "வெண்ணாறு இடிக்குது" என்பார். "குடமுருட்டியக் கொஞ்சம் சீவணும்" என்பார். எனக்குப் பழகிவிட்டது. மற்றவர்களுக்குப் பழகவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், விடுப்பில் வீட்டில் இருந்தவர் எனக்குப் போன் செய்தார். நான் கை நிறையக் கோப்புகளோடு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், வெட்டாறு உடைஞ்சுபோச்சு."

இன்ஜினியர் அப்போதுதான் என் மேஜையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. மணல் மூட்டைகள் ஏற்றிய டிராக்டர் பின்னாலேயே போனது. இன்ஜினியரின் போன் சாயங்காலம் வரை கிடைக்கவே இல்லை. கரையோரம் முழுக்க அலைந்து, "எங்க சார் உடைப்பு?" என்று கேட்ட விவசாயிகளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தேடிவிட்டு, முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார். அதற்குள் நான் சொல்லி அனுப்பி மடிப்பு சாரும் ஓடி வந்திருந்தார். முறிந்த குச்சியை நீட்டினார்.

"இங்கதான் சார். நடுப் பாகத்துல."

இன்ஜினியர் குச்சியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், மறுபடியும் குச்சியைப் பார்த்தார். இன்றைக்கு இவருக்கு மெமோதான் என்று நான் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, இத எப்படி அடைக்கப் போறீங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மூங்கிலின் கணுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆடி மாதம் விசிறி முடிந்தது. அலுவலகமே சுற்றி நின்று பார்த்தது. துணி முழுக்க அந்தப் பாசன வரைபடம், ஓரத்தில் ஊர்ப் பெயர்களோடு. இடது கட்டை விரல் பதிய ஒரு குழி. ஒரு குச்சியைத் தள்ளினால் அதன் சின்னக் கொக்கி அடுத்த குச்சியை இழுத்துக்கொண்டு வரும். சத்தமே இல்லை. வலது கையில் பிடித்தால் விரல் வைக்க இடமே கிடைக்காது. தலைமை எழுத்தர் முக்கி முனகிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டார். அன்றைக்கு என் மனம் குளிர்ந்தது.

"நீங்கதான் வீட்டுக்கு வந்து தொறந்து காட்டணும் மேடம். எனக்குத் தொறக்க வராது. நான் சோத்தாங்கை" என்றார் மடிப்பு சார்.

போனேன். எஸ்தர் அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். மின்சாரம் இல்லை. கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "வாங்க" என்று சிரித்தார்.

நான் இடது கையால் விசிறியை விரித்துக் காட்டினேன். கல்லணையிலிருந்து கடல் வரை ஒரே வீச்சில் விரிந்தது. "நல்லாருக்கு" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விரித்தபடியே அவர் மடியில் வைத்தேன். தொடவில்லை. மடிப்பு சார் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். போகும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அத்தனை மாத உழைப்பும் அந்த மடியில் கேட்பாரற்றுக் கிடந்தது.

காப்பி வந்தது. அக்கா குனிந்து மடியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"என்னங்க, சீர்காழி எங்க?"

"அங்கதான், ஓரத்துல" என்று சுட்டிக்காட்ட வந்த மடிப்பு சாரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"கடலப் பாத்து நின்னா எங்க ஊரு பீச்சாங்கைப் பக்கம்ல வரணும்? பட்டுக்கோட்டையக் கொண்டுபோய் அங்க வச்சிருக்கீங்க?"

முந்தானைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. விசிறியைப் பறித்தது. மடக்கியது. கட்டை விரலால் தள்ளி மறுபடி விரித்துப் பார்த்தது. அப்போதும் பட்டுக்கோட்டைதான் இருந்தது.

"இத்தன வருஷமா படம் வரைஞ்சு என்னத்தக் கிழிச்சீங்க? எங்கப்பா ஊரயே தெக்க தூக்கிப் போட்டுட்டீங்களே."

"பீச்சாங்கைக்குன்னு எல்லாத்தையும் திருப்பினேன் எஸ்தர்" என்றார் அவர். "ஊரையும் சேத்துத் திருப்பிட்டேன்போல."

ஒரு நீர்ப்பாசன அலுவலகமே கூடி நின்று பாராட்டிய படம் அது. நானும், இன்ஜினியரும், தினமும் அதே வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் பார்த்தோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அக்கா அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு அவரைப் பிடி பிடியென்று பிடித்தார். கோபத்தில் சூடு ஏற, திட்டிக்கொண்டே விசிறிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார். பாதித் திட்டில்தான் தன் கையைப் பார்த்தார்.

கை நின்றது. மடிப்பு சாரின் கையில் மடிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வேர்க்குது" என்றார் அக்கா, எங்களுக்குச் சமாதானம் சொல்வதுபோல. பிறகு மறுபடியும் விசிறினார். கொஞ்சம் கழித்து விசிறியைக் கணவர் பக்கமும் சாய்த்தார். அவருக்கு முகம் முழுக்க ஈரம், வியர்வை மட்டும் இல்லை. எனக்கும் அடக்க முடியவில்லை, காப்பி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அக்கா மேஜையிலிருந்த கொய்யாப்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டிய பிறகு கை தயங்கியது. நான் என் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போனார், போதகரிடம் இடது கையைத்தான் நீட்டினார். அவரும் ஒன்றும் சொல்லாமல் அப்பத்தை வைத்தார் என்று மறுநாள் மடிப்பு சார் என்னிடம் வந்து மூன்று தடவை சொன்னார். படத்தைத் திருத்தித் தரட்டுமா என்று இவர் கேட்டதற்கு அக்கா, "வேணாம், உங்களத் திட்டறதுக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்றாராம்.

மடிப்பு சார் ஓய்வு பெற்று, இரண்டு பேரும் இப்போது சீர்காழிப் பக்கம் இருக்கிறார்கள். போகும்போது எனக்கென்று ஒரு விசிறி செய்து கொடுத்தார். அதில் சீர்காழி சரியான இடத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் என் கணவர் அதை எடுத்து வலது கையால் திருகிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டுவார். நான் கட்டை விரலை வைத்தால் கல்லணை முதல் கடல் வரை சத்தமில்லாமல் திறக்கும்.

என் இடது கையைத் திருத்தப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் மடிப்பு சார் ஒருவர்தான்.