தப்பாச் சொன்னா வருவார்

வாத்தியார் அறைக் கதவைச் சாத்தினார். சும்மா சாத்தவில்லை. கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கிற மாதிரி சாத்தினார். சாத்துவதற்கு முன்னால் நடுவீட்டில் நின்று ஒரு பிரகடனம் வேறு.

"இதோ பாரு, பரீட்சை முடியற வரைக்கும் நான் இந்த வீட்லயே இல்லைன்னு நினைச்சுக்க. பாத்திரம் தேய்க்க மாட்டேன். துணி காயப்போட மாட்டேன். கடைக்குப் போக மாட்டேன். நான் இப்போ ஸ்டூடன்ட்!"

"சரிங்க," என்றாள் மனைவி.

"யாரு வந்து கேட்டாலும் நான் இல்ல."

"சரிங்க."

"காபி வந்தா மட்டும் இருக்கேன்."

"சரிங்க."

கல்யாணமான நாள் முதல் ஒரே மூச்சில் மூன்று "சரிங்க" வாங்கினது கிடையாது மனுஷன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமோ? ஆகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் சின்னதில்லை. வருஷக்கணக்காக இயற்பியல் நடத்துகிறவர் அவர். திடீரென்று மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு: யார் எந்தப் பாடம் நடத்துகிறாரோ, அவர் அந்தப் பாடத்தில் தகுதித் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். போன தடவை எழுதினார், மண்ணைக் கவ்வினார். இந்தத் தடவையும் கவ்வினால் வகுப்பு வேறொருவருக்கு; இவருக்கு ஸ்டோர் ரூம் சாவியும், இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகமும்தான். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். சாக்பீஸ் பிடிக்காத கையை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது. அதை மனைவியிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவளுக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு பயந்த மனுஷன் உள்ளே போய் என்ன செய்தார்? பென்சில் சீவினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெயில் அடிக்கிறது என்று மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். 'எனக்குத் தெரியாத நெம்புகோலா? நானே நடத்தற பாடம்தானே' என்று செல்போனில் செஸ் ஆடினார். அதிலும் தோற்றார். அப்புறம் புத்தகத்தை விரித்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒரு தூக்கம். இப்படியே ஒரு வாரம் போயிற்று. உள்ளே போன பாடம் ஒன்றுமில்லை, காபிதான் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கதவுக்கு வெளியே பேச்சுக் குரல். மனைவியும் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவும்.

"அக்கா, இந்த இரும்பு பீரோவ கம்பி போட்டு நெம்பணும். கம்பிய பீரோவுக்குக் கிட்டக்கப் பிடிச்சாதானே பலம் நல்லா இறங்கும்?"

"ஆமா பின்ன? தூரப் பிடிச்சா பலமெல்லாம் வழியிலேயே செலவாயிடாது?"

உள்ளே செஸ் குதிரை பாதித் தாவலில் நின்றது.

வாத்தியாருக்கு ஒரு வியாதி உண்டு. பசி தாங்குவார், தலைவலி தாங்குவார், தப்பான விடை ஒன்று காற்றில் மிதந்தால் மட்டும் தாங்க மாட்டார். பல் டாக்டர் வாய்க்குள் ஊசியோடு நிற்கும்போதே "அப்டி இல்ல டாக்டர்" என்று திருத்தப் பார்த்து, நாக்கில் ஊசி வாங்கினவர். சும்மா இருப்பாரா? கதவு திறந்தது. கையில் சிவப்புப் பேனா!

"யாரு சொன்னது அது? தப்பு! சுத்தத் தப்பு!"

"எதுங்க தப்பு?" என்று மனைவி திருதிருவென்று விழித்தாள்.

"கம்பிக்கு அடியில முட்டுக் குடுக்கிற எடத்துலேருந்து எவ்ளோ தள்ளிப் பிடிக்கிறியோ, அவ்ளோ சுலபமாத் தூக்கும். நெம்புகோல்! கொண்டா அந்தக் கம்பிய."

"எப்டின்னு புரியலையே..."

புரியவைத்தார். பீரோ நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் குப்பை. "ஐயோ, எனக்கு இன்னும் புரியலைங்க" என்றாள். இன்னொரு தடவை புரியவைப்பதற்குள் பீரோ எதிர்ச் சுவருக்கே போய்விட்டது. கையோடு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கியும் விட்டார்.

சந்தேகம் ஒன்று வந்தால் புத்தகத்தைப் புரட்டத்தானே வேண்டும்? அன்று ராத்திரி அந்தப் பாடம் முழுவதையும் படித்தார். நாளைக்கு மறுபடி கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே!

அதற்கடுத்த வாரம் பெரிய தண்ணீர் டிரம். "மோட்டார் இல்லாம தண்ணி குழாய்ல மேல ஏறிக் கீழ எறங்காதுல்ல?" என்றாள். ஏன் இறங்காது! குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை டிரம்முக்குள் விட்டு, மறுநுனியைத் தாழத் தொங்கவிட்டு, டிரம்மையே காலி செய்து காட்டினார். காலியான டிரம்மைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? தேய்த்துக் கழுவினார்.

அப்புறம் அடுப்படி. "தண்ணி தளதளன்னு கொதிச்சப்பறமும் தீயக் கூட்டி வச்சா, இன்னும் சூடேறி உருளைக்கிழங்கு சீக்கிரம் வெந்துடும்."

"வேகாதும்மா! தெறந்த பாத்திரத்துல கொதிக்கிற தண்ணி அதுக்கு மேல சூடேறாது. தீ வீணாத்தான் போவும். இந்த அறிவோட நீ எப்டி மருந்துக் கடையில பில் போடற?"

"அத கம்ப்யூட்டரே போட்டுடுதுங்க," என்றாள் பாவமாக.

நிரூபிக்க வேண்டாமா? வேகவைத்தார், தோல் உரித்தார், தாளித்தும் இறக்கினார். மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பாடம் கேட்டாள்.

தையல்கார அக்கா மட்டும் சளைத்தவளா? தையல் அறையில் மாட்ட ஆளுயரக் கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் முழு உருவம் தெரியாது என்றாள். "பாதி உசரம் போதும்! மாட்டற எடத்துல மாட்டணும், அவ்ளோதான்!" என்று டிரில்லிங் மெஷினோடு போய்ச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

'என்ன ஜனங்கள்! நான் இல்லாவிட்டால் இந்தத் தெரு என்ன ஆகும்?' என்று பெருமூச்சு விட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் ராத்திரி தூங்கப் போகும்போது மனசு மட்டும் லேசாக இருந்தது.

பரீட்சை வந்தது. கேள்வித்தாளைத் திருப்பினார். முதல் கேள்வி நெம்புகோல். கண் முன்னால் பீரோ வந்து நின்றது. அடுத்தது டிரம். அதற்கடுத்தது உருளைக்கிழங்கு. பேனா பறந்தது. அவருக்கே அழுகை வரும்போல் இருந்தது.

முடிவு வந்த அன்று வாத்தியார் தரையில் நடக்கவில்லை. பாஸ்! சாதாரண பாஸ் இல்லை, தலைமையாசிரியையே எழுந்து நின்று கை கொடுத்த பாஸ். வகுப்பு அவருக்குத்தான், சாக்பீஸ் அவருக்குத்தான். வீட்டுக்கு வந்தவர் மனைவியைப் பரிவோடு பார்த்தார்.

"கவலப்படாத. உனக்கும் போகப் போக நான் சொல்லிக் குடுக்கறேன். கொஞ்சம் மந்தம்தான், ஆனா ஆர்வம் இருக்கு."

"சரிங்க."

அந்த நேரம் பார்த்துத் தையல்கார அக்கா உள்ளே நுழைந்தாள். "பாஸாமே சார்! ரொம்ப சந்தோஷம். அந்தக் கண்ணாடிக் கேள்விய நான் சரியாத் தப்பாக் கேட்டேனா? உங்க வீட்டம்மா நாலு தடவ ஒத்திகை பாக்க வச்சாங்க."



வாத்தியார் மெதுவாக எண்ணிப் பார்த்தார். நெம்புகோல். டிரம். கொதிநிலை. கண்ணாடி. அடக்கடவுளே! தப்பு அத்தனையும் பாடத்திட்ட வரிசையிலேயே வந்திருக்கிறது!

"உனக்கு... எல்லாம் தெரியுமா?"

"நீங்க தூங்கறப்போ மூஞ்சி மேல இருந்த புத்தகத்த எடுத்துப் படிச்சேன். திருப்பி வைக்கறப்பகூட நீங்க முழிக்கல. உங்களுக்குப் படிச்சா ஏறாதுங்க. யாராவது தப்பாச் சொல்லி நீங்க திருத்தினாத்தான் ஏறும். ஸ்டோர் ரூம் சாவியோட உங்கள நெனச்சுப் பாக்க எனக்கு முடியல."

நெஞ்சு இளகிற்று. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! எழுந்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"போனது போவட்டும். இனிமே சூரியன் மேற்கால உதிக்குதுன்னு நீ சொன்னாலும் நான் வாய தெறக்க மாட்டேன். என் வித்தைய வச்சு என்கிட்டயே வேல வாங்கறதெல்லாம் இன்னையோட முடிஞ்சுது!"

"சரிங்க," என்றாள்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். வெற்றி. பின்கட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா, ஈரத்துணிய விரிச்சுப் போடவே கூடாது. பந்தாச் சுருட்டி, காத்துப் படாத மூலையில வச்சாத்தான் சீக்கிரம் காயும்."

"ஆமா ஆமா. ஈரம் வெளிய போக வழி தேடி அதுவே ஓடிடும்."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். பல்லைக் கடித்தார். இது தூண்டில் என்று அவருக்குத் தெரியும். சர்வ நிச்சயமாகத் தெரியும். 'ஆனால் பந்தாகச் சுருட்டினால் எப்படிக் காயும்? பரப்பு வேண்டாமா? காற்று வேண்டாமா?'

மொட்டைமாடியில் நின்று, பரப்பைப் பற்றியும் காற்றைப் பற்றியும் முழங்கியபடி கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டபோதுதான் கவனித்தார்: அத்தனை துணியில் பாதி, தையல்கார அக்கா வீட்டுடையது.