சம்பந்தி எண்ணிய கருவாத்துகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி சபிர்ஜான் அவர்களுக்கு அக்தாவிலிருந்து திலெப்பெர்கென் ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரி குன்சுலுவும் நலம். அவ்விடம் உங்கள் உடைந்த காலும், அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் சம்பந்தியம்மாளும், உங்கள் மகனும், என் மகள் அக்மரலும் நலமா? வலிக்கிற இடத்தை முதலில் விசாரிப்பதுதானே முறை.

பதினோரு வருஷமாக ஜனவரி தவறாமல் வந்து, விருந்தாளிக்குரிய ஆட்டுத்தலையை எங்கள் வீட்டில் பெற்றுக்கொண்டு, கடலோரக் காயலில் அரசாங்கக் கணக்குக்காகக் காட்டு வாத்து எண்ணிவிட்டுப் போகிறவர் நீங்கள். இந்த முறை வழுக்கி விழுந்ததால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினீர்கள். பெண் கொடுத்தவன் மறுக்க முடியுமா? துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவனுக்கு எண்ணுவது புதிதல்ல. ஆனால் எந்தச் சரக்குப் பெட்டியும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வாலை மட்டும் காட்டியதில்லை. நானூறு வரை எண்ணினால் எங்கிருந்தோ ஒரு நாய் வந்து குரைக்கும், மொத்தமும் எழும்பிப் பறந்து வேறு இடத்தில் உட்காரும், மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று தடவை இப்படி. மூச்சுப் பட்டு தொலைநோக்கியில் பனி பூத்துவிட்டது. நீங்கள் அனுப்பிய புத்தகமோ அதற்கு மேல். ஆண் வாத்துக்குப் பச்சைத் தலை, செந்தலை, குடுமி என்று பக்கம் பக்கமாக வர்ணனை. பெட்டைக்கு 'பழுப்பு' என்று ஒரே வார்த்தை. அடுத்த இனத்துப் பெட்டையும் பழுப்பு, அதற்கடுத்ததும் பழுப்பு. குன்சுலு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எழுதின மனுஷன் சொந்தப் பொண்டாட்டி மூஞ்சியையாவது ஒழுங்கா பாத்திருப்பானா?" என்றாள்.

உங்கள் குறிப்பேட்டில் சிவப்பு மையில் ஒன்று எழுதியிருந்தது: 'கருவாத்து. உடல் கருப்பு, அலகு வெள்ளை. மிக அரியது. கண்டறிந்தவர்: நான்.' அரியதாம்! திரும்பிய பக்கமெல்லாம் அதுதான் மிதக்கிறது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு எண்ணி முடித்து நிமிர்ந்தால், அல்மாட்டியிலிருந்து வந்த கம்ஷத் என்ற பறவை ஆராய்ச்சிக்காரப் பெண் பக்கத்தில் நிற்கிறாள்.

"எத்தனை ஐயா?"

"கருவாத்து மட்டும் ஆயிரத்து முந்நூத்திப் பன்னண்டு."

"கருவாத்தா? எங்க?"

"கண்ணு முன்னாடியே மெதக்குதேம்மா!"

"அது வாத்தே இல்லீங்க ஐயா. நாமக்கோழி."

எனக்கு வந்ததே கோபம். உங்களைப் பற்றி வீட்டுக்குள் நான் ஆயிரம் சொல்வேன், வெளியாள் சொல்லலாமா? "யாரப் பாத்துக் கோழிங்கிற? இது..." என்று நான் எகிறுவதற்குள், குன்சுலு பையிலிருந்து ஒரு பவுர்சாக்கை எடுத்துக் கரையோரப் பனிக்கட்டிமேல் வீசினாள். உங்கள் அரிய இனம் ஒன்று அந்தப் பொரித்த மாவுக்கு ஆசைப்பட்டு மேலேறி வந்து, காலை நன்றாக விரித்துக் காட்டியது. வாத்துக்கு விரல்களைச் சேர்த்துத் தோல் இருக்கும் அல்லவா? இதற்கு விரல்கள் தனித்தனி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் இலை மாதிரி மடல். நெற்றியில் வெள்ளைப் பட்டை வேறு. கொத்தித் தின்றுவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி ஓடியது.

"கோழியேதான்," என்றாள் குன்சுலு. "பதினோரு வருஷம் நம்ம வீட்டு ஆட்டுத்தலையத் தின்னுட்டு, உங்க சம்பந்தி கோழி எண்ணியிருக்காரு."

நல்லவேளை, காற்றில் கம்ஷத்துக்கு அது கேட்கவில்லை. "வருஷா வருஷம் அந்தக் கணக்க அனுப்புறது யாருங்க ஐயா? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அவரப் பாக்கணும்னு ஆசை," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் என் மகள் முகம் கண்முன் வந்தது. "நாந்தாம்மா. எனக்குப் பார்வை கொஞ்சம் மட்டு," என்றேன். குன்சுலு என்னைப் பார்த்த பார்வையை எந்தப் புத்தகத்திலும் வர்ணிக்க முடியாது. அந்தப் பெண் மனமிரங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்துச் சொல்லித்தருவதுபோல, வாத்து வாத்தாகக் காட்டி இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினாள். கடல்காற்றில் காது விறைக்கக் கேட்டுக்கொண்டேன். உங்கள் மானம் பத்திரம். போனது என்னுடையதுதான்.

வாத்து அறுநூற்று நாற்பது, நாமக்கோழி ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் 'கருவாத்தைக் கண்டறிந்த அறிஞர்' சான்றிதழை, யாரும் கேட்பதற்கு முன் நீங்களே இறக்கிவிடுவது கௌரவம். காலை ஊன்றி ஆணி பிடுங்க வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்.

எலும்பு சீக்கிரம் கூடட்டும், வாசலில் விருந்தாளி குறையாதிருக்கட்டும், கண்ணுக்கு ஒளி பெருகட்டும் என்று வேண்டும்,

திலெப்பெர்கென்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கணக்கைக் கொடுக்க அலுவலகம் போனேன். அதிகாரி தாளைப் பார்த்து வெளிறிப்போனார். "ஐயா, ஆயிரம் வாத்துக்கு மேல இருந்தாத்தான் அந்தக் காயலுக்குப் பாதுகாப்பு. கொறஞ்சா அடுத்த மாசமே மண்ணக் கொட்டி ஓட்டல் கட்டிருவாங்க. அப்புறம் வாத்தும் இல்ல, கோழியும் இல்ல." கம்ஷத்தும் அங்கேதான் இருந்தாள். தன் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். 'நாமக்கோழி'யை அடித்துவிட்டுக் 'கருவாத்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைக்க வேண்டாம். சான்றிதழ் சுவரிலேயே இருக்கட்டும். தயவுசெய்து சீக்கிரம் குணமாகி நீங்களே வந்துவிடுங்கள், சம்பந்தி. விஷயம் தெரிந்தவனால் இந்தக் கணக்கை வருஷா வருஷம் எழுத முடியாது.